சவ்வு எவ்வளவு மூடியிருக்கிறது? செல் சவ்வு பூசிய நானோ துகள்கள் குறித்து

கேள்வி, பிப்ரவரி 3

நானோ மருந்துத் துகளின் மேல் சிவப்பணுவின் சவ்வைப் போர்த்தி இரத்தத்தில் செலுத்தினால், நோயெதிர்ப்பு மண்டலம் அதைச் சொந்தச் செல் என்று எண்ணி விட்டுவிடுகிறது என்று படித்தேன். பசுத்தோல் போர்த்திய புலி என்பார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. பெக் (பாலிஎதிலீன் கிளைகால் என்னும் பலபடி) பூசிய துகள்களைவிட இவை இரண்டரை மடங்கு நேரம் இரத்தத்தில் நிலைப்பதாகவும் எழுதியிருந்தது. அப்படியானால் பெக் பூச்சின் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

பிப்ரவரி 3, இரவு

கொள்ள முடியாது. காரணங்கள் பல, ஒரே அமர்வில் எழுதி முடிக்க இயலாது.

நீங்கள் குறிப்பிடும் இரண்டரை மடங்கு, 2011இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியாங்ஃபாங் சாங்கின் குழு வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. உப்புச் செறிவு குறைந்த நீரில் சிவப்பணுக்களை இட்டால் அவை நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். ஹீமோகுளோபின் வெளியேறிய பிறகு எஞ்சும் வெற்றுச் சவ்வை மையவிலக்கில் பலமுறை கழுவி, மீயொலியால் சிறு குமிழ்களாக உடைத்து, ஏறத்தாழ 70 நானோமீட்டர் அளவுள்ள பிஎல்ஜிஏ துகள்களோடு சேர்த்து, 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட பாலிகார்பனேட் வடிகட்டியின் வழியே அழுத்தித் தள்ளினர். துளைக்குள் நெருக்கப்படும்போது குமிழ் உடைந்து துகளைச் சுற்றி மூடிக்கொள்கிறது. பிஎல்ஜிஏ என்பது உடலில் தானாகக் கரைந்துபோகும் பலபடி. அறுவைத் தையல் நூல்களில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

கையால் இயக்கும் அழுத்துக் கருவியில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு, செய்முறையை எழுதுவது எவ்வளவு எளிது, அந்த வடிகட்டி அடைத்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பதெல்லாம் தெரியும். சவ்வு சற்றுக் கெட்டியாகிவிட்டால் கட்டைவிரல் வலிக்கும் வரை தள்ள வேண்டியிருக்கும். அதற்கு மேலும் தள்ளினால் வடிகட்டி கிழியும். கிழிந்ததை உடனே கவனிக்காவிட்டால், வெளியே வருவது என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4

இரண்டரை மடங்கு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எலிகளில் சவ்வு பூசிய துகளின் அரை ஆயுள்காலம் 39.6 மணி நேரம், பெக் பூசிய துகளுடையது 15.8 மணி நேரம் என்ற எண்கள்தான் எல்லாக் கட்டுரைகளின் முன்னுரையிலும் வருகின்றன. ஆனால் இது இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரியில், துகள்கள் திசுக்களில் பரவி முடிந்தபின் வரும் மெதுவான வெளியேற்றக் கட்டத்தின் அளவு. செலுத்தியதில் பாதி இரத்தத்தைவிட்டு நீங்க எவ்வளவு நேரமாகிறது என்று நேரடியாகக் கேட்டால், அதே ஆய்வு தரும் விடை 9.6 மணி நேரமும் 6.5 மணி நேரமும்தான். மேம்பாடு இருக்கிறது, ஆனால் இரண்டரை மடங்கு அல்ல, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இரண்டில் எது சரியான எண் என்று கேட்பது பயனற்றது, இரண்டுமே சரி. 48 மணி நேரம் கழித்துச் சவ்வு பூசியவற்றில் 16 விழுக்காடும், பெக் பூசியவற்றில் 2 விழுக்காடும் இரத்தத்தில் எஞ்சியிருந்தன. மருந்து மெதுவாக, இரண்டு நாட்களுக்குக் கசிய வேண்டுமென்றால் இப்படி நெடுநேரம் எஞ்சும் வால் பகுதிதான் முக்கியம். முதல் சில மணி நேரத்திலேயே புற்றுக்கட்டிக்குள் சேர வேண்டிய மருந்தென்றால், அந்த வாலால் பெரிய பயன் இல்லை.

பிப்ரவரி 4, சிறிது நேரம் கழித்து

பெக் பற்றி ஒரு வரி. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்னும் புற்றுநோய் மருந்து முதல், கொரோனா காலத்து எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் கொழுப்புத் துகள்கள் வரை பெக் இருக்கிறது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகின்றன, இரண்டாம் முறை செலுத்தும்போது துகள்கள் விரைவாக அகற்றப்படுகின்றன என்ற குற்றச்சாட்டுகள் உண்மையே. ஆனால் பெக் ஒரு வேதிப்பொருள். அதன் நீளத்தையும் அடர்த்தியையும் தாளில் எழுதிக் கொடுத்தால், எந்தத் தொழிற்சாலையும் அதையே திரும்பத் திரும்பச் செய்து தரும். சிவப்பணுச் சவ்வை அப்படி எழுதிக் கொடுக்க இன்னும் வழியில்லை.

பிப்ரவரி 6

"உடல் ஏன் ஏமாறுகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொதுவாகச் சொல்லப்படும் விடை சிடி47 என்னும் புரதம். சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதம், பெருவிழுங்கணுவின் மேலுள்ள சிர்ப்-ஆல்ஃபா என்னும் ஏற்பியோடு இணைந்து, விழுங்காதே என்ற சமிக்ஞையைத் தருகிறது. சிடி47 இல்லாத எலிகளின் சிவப்பணுக்களை இயல்பான எலிகளுக்குச் செலுத்தினால், அவை மண்ணீரலில் விரைவாக அழிக்கப்படுகின்றன என்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது.

இந்த விடையை ஏற்கும் முன் ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதச் சிவப்பணுவின் பரப்பு ஏறத்தாழ 140 சதுர மைக்ரோமீட்டர். 80 நானோமீட்டர் விட்டமுள்ள துகளின் பரப்பு 0.02 சதுர மைக்ரோமீட்டர். அதாவது சவ்வு கொஞ்சமும் வீணாகாவிட்டால், ஒரு சிவப்பணுவிலிருந்து 7000 துகள்களைப் போர்த்தலாம். ஒரு சிவப்பணுவில் சிடி47 மூலக்கூறுகள் 20,000 முதல் 50,000 வரை இருப்பதாகக் கொண்டால், ஒரு துகளுக்குக் கிடைப்பது மூன்று முதல் ஏழு வரைதான்.

மூன்று முதல் ஏழு! முழுச் சிவப்பணு பல்லாயிரம் கைகளை நீட்டி நிற்கும் இடத்தில், துகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றோடு நிற்கிறது. அவற்றிலும் சில, சவ்வு மறுபுறமாகத் திரும்பிப் போர்த்திக்கொண்டால் உள்நோக்கி அமைந்துவிடும். ஆகவே இரத்தத்தில் நீடிப்பதற்குச் சிடி47 மட்டுமே காரணம் என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை என்பது என் ஐயம். மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் அடர்த்தி, அவற்றின் நுனியிலுள்ள சியாலிக் அமிலம், அயல் பொருள்களைத் தாக்கும் நிரப்புப் புரதங்களை அடக்கும் சிடி55, சிடி59 போன்றவை எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது.

பிப்ரவரி 7

மறுபுறமாகத் திரும்புவதை எது தடுக்கிறது என்ற கேள்விக்கு: பெரும்பாலும் மின்னூட்டம். சியாலிக் அமிலத்தால் சவ்வின் வெளிப்புறம் உட்புறத்தைவிட அதிக எதிர்மின் தன்மை கொண்டிருக்கிறது. துகளும் எதிர்மின் தன்மையுடையதாக இருந்தால், அது வெளிப்புறத்தைத் தள்ளி உட்புறத்தை ஒட்டிக்கொள்ளும். நேர்மின் துகளைப் பயன்படுத்தினால் சவ்வு அதன்மேல் சரிந்து ஒட்டி, எல்லாம் சேர்ந்து கட்டியாகிவிடும். மருந்து நன்றாக ஏறுகிறது என்பதற்காக நேர்மின் துகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குழாயின் அடியில் தயிர் போலத் திரண்டு கிடப்பதைப் பார்த்து விழிப்பவர்களை ஆய்வகங்களில் நான் தொடர்ந்து சந்திக்கிறேன்.

பிப்ரவரி 10

இப்போது இந்த இழையின் தலைப்புக்கு வருகிறேன்.

கேள்வி கேட்டவர் சொன்ன பழமொழியில் புலியின் மேல் கிடப்பது முழுத்தோல். இங்கே தோல் முழுதாக இருக்கிறதா என்பதை இந்தத் துறை முதல் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் கேட்கவே இல்லை. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் பின்லாந்து ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு குழு அதைக் கேட்டது. செய்முறை அழகானது: துகளின் மேல் ஒளிரும் மூலக்கூறை ஒட்டிவிட்டு அதற்கு மேல் சவ்வைப் பூசுகிறார்கள்; பிறகு டைதயோனைட் என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஒளிர்வை அணைத்துவிடும். ஆனால் ஓட்டையில்லாத சவ்வை அதனால் கடக்க முடியாது. எனவே கடைசியில் எஞ்சும் ஒளி, முழுதாக மூடப்பட்ட துகள்களிலிருந்து மட்டுமே வர முடியும்.

விளைவு, துகள்களில் 90 விழுக்காடு வரை அரைகுறையாகவே மூடப்பட்டிருந்தன.

இதை முதலில் படித்தபோது, அதுவரை படித்த பிற கட்டுரைகளின் முடிவுகளையெல்லாம் மனத்துக்குள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கட்டுரையில் "சவ்வு பூசிய துகள்" என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவது உண்மையில் ஒரு கலவை: முழுதாக மூடியவை சில, பாதி மூடியவை பல, மூடாதவை சில, உள்ளே துகளே இல்லாத வெறும் குமிழ்கள் சில. எலியில் கிடைக்கும் ஒற்றை எண் இந்தக் கலவையின் சராசரி.

பிப்ரவரி 11

"மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் கருவும் (உள்ளிருக்கும் துகள்) ஓடும் (சுற்றியுள்ள சவ்வு) தெளிவாகத் தெரிகிறதே?" என்று ஒருவர் மறுத்திருக்கிறார். தெரிகிறது. யுரேனைல் அசிட்டேட் சாயமிட்டு எடுத்த படத்தில் துகளைச் சுற்றி மெல்லிய வளையம் காண அழகாகவே இருக்கும். ஆனால் நுண்ணோக்கியில் மாதிரியை வைக்கும் வலைத்தட்டின் மேல் துகள்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அச்சேறுவது அவற்றுள் மிக அழகான ஒன்று. திருமணத்துக்குப் பார்க்கக் கொடுக்கும் புகைப்படத்தை வைத்துக் குடும்பம் முழுவதையும் மதிப்பிட்டுவிடக் கூடாது.

பிற சோதனைகளுக்கும் இதே நிலைதான். ஒளிச்சிதறல் முறையில் விட்டம் 10 முதல் 20 நானோமீட்டர் கூடினால் பூச்சு ஏறிவிட்டது என்கிறார்கள். ஆனால் அது சராசரி. மேற்பரப்பு மின்னழுத்தம் சவ்வின் மதிப்பை நெருங்கினால் ஏறிவிட்டது என்கிறார்கள், அதுவும் சராசரி. ஜெல்லில் ஓட்டிய புரதப் பட்டைகள் சிவப்பணுவின் பட்டைகளோடு ஒத்துப்போகின்றன என்கிறார்கள். அந்தப் புரதம் துகளின் மேல் இருக்கிறதா, கூடவே மிதக்கும் வெற்றுக் குமிழில் இருக்கிறதா என்று ஜெல் சொல்லாது. தங்கம், சிலிக்கா போன்ற கனமான கரு என்றால் மையவிலக்கில் குமிழ்களைப் பிரித்துவிடலாம். பிஎல்ஜிஏ போன்ற இலேசான கருவில் அது அவ்வளவு எளிதன்று.

பிப்ரவரி 12

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. ஓட்டை மட்டும் சிக்கலன்று. உயிருள்ள சிவப்பணு, ஃபாஸ்ஃபாட்டிடில்செரின் என்னும் கொழுப்பைச் சவ்வின் உள்ளடுக்கில் வைத்திருக்க ஏடிபி ஆற்றலைத் தொடர்ந்து செலவிடுகிறது. அந்தக் கொழுப்பு வெளியே தெரிந்தால் அது, என்னை விழுங்கு, என்ற சமிக்ஞை. வெடிக்கவைத்து, மீயொலியால் உடைத்து, வடிகட்டியில் நெருக்கிய சவ்வில் அடுக்குகள் கலந்துவிட்டால், அதைத் திருப்பி அடுக்கிவைக்க அங்கே ஏடிபி இல்லை. ஆக, ஒரே துகளின் மேல் விழுங்காதே என்பதும் விழுங்கு என்பதும் அருகருகே எழுதியிருக்கக்கூடும்.

பிப்ரவரி 15

இத்தனை ஐயங்களுக்குப் பிறகு இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை எங்கே என்று கேட்டால், ஒளிந்துகொள்வதில் அன்று. சவ்வையே மருந்தாகப் பயன்படுத்துவதில்.

சாங் குழுவே 2013இல் வெளியிட்ட நானோ பஞ்சு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் ஆல்ஃபா நச்சு, செல் சவ்வில் ஒட்டி, ஏழு மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து ஓட்டை போடுகிறது. சிவப்பணுச் சவ்வு பூசிய துகள் இரத்தத்தில் இருந்தால், நச்சு அதன்மேல் ஒட்டி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. உண்மையான செல் தப்புகிறது. உயிர்போக்கும் அளவு நச்சு செலுத்தப்பட்ட எலிகளில், துகளை முன்கூட்டியே பெற்றவற்றில் 89 விழுக்காடும், நச்சுக்குப் பின் பெற்றவற்றில் 44 விழுக்காடும் பிழைத்தன.

இங்கே எனக்குப் பிடித்தது உயிர்பிழைத்தல் எண்கூட அன்று. ஒரு துகள் ஆல்ஃபா நச்சின் 85 மூலக்கூறுகளையும், ஸ்ட்ரெப்டோலைசின்-ஓ என்ற வேறு நச்சின் 30 மூலக்கூறுகளையும், தேனீயின் கொடுக்கிலுள்ள மெலிட்டின் மூலக்கூறுகள் 850ஐயும் உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். இந்த மூன்றுக்கும் வடிவத்தில் ஒற்றுமை இல்லை. எதிர்ப்பொருளால் தடுக்க நினைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டும். மூன்றும் செய்யும் வேலை ஒன்று, சவ்வைத் துளைப்பது. அதனால் சவ்வே மூன்றுக்கும் பொறியாகிறது.

அதே ஆண்டின் இறுதியில், நச்சைப் பிடித்துவைத்த துகளையே அந்த நச்சுக்கு எதிரான தடுப்பூசியாகவும் பயன்படுத்திக் காட்டினார்கள். 2020இல் நுரையீரல் செல்களின் சவ்வும் பெருவிழுங்கணுவின் சவ்வும் பூசிய துகள்கள், செல் வளர்ப்பில் கொரோனா வைரஸின் தொற்றலைத் தடுத்தன. வைரஸ் எவ்வளவு மாறினாலும், அது நுழைய வேண்டிய செல்லின் ஏற்பியைத்தானே தேடிப் போக வேண்டும் என்பது அங்கே தருக்கம்.

பிப்ரவரி 16

"பஞ்சுக்கு மட்டும் ஓட்டை பரவாயில்லையா?" நல்ல கேள்வி. நச்சை உறிஞ்சும் அளவு, மொத்தச் சவ்வுப் பரப்பைப் பொறுத்தது; பாதி மூடிய துகளும் பாதியளவு உறிஞ்சும். வெறும் குமிழும்கூட நச்சைப் பிடிக்கும். ஆனால் பிடித்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதில்தான் கரு தேவைப்படுகிறது: கருவற்ற குமிழ் வேறு செல்களோடு இணைந்து நச்சைக் கைமாற்றிவிடக்கூடும், கரு உள்ள துகள் நச்சோடு கல்லீரலுக்குப் போய் அங்கே சிதைக்கப்படுகிறது. சுருங்கச் சொன்னால், ஒளிந்து திரிய வேண்டிய துகளுக்கு ஓட்டை பெருங்குறை. பஞ்சுக்கு அது விளைச்சல் குறைவு மட்டுமே.

10ஆம் தேதிக் குறிப்பின் கடுமையையும் இங்கே சற்றுத் தளர்த்துகிறேன். பாதிக்கு மேல் மூடிய துகள்கள் தனித்தனியாகவும், பாதிக்குக் குறைவாக மூடியவை ஒன்றுகூடிய பிறகும், இலக்குச் செல்லுக்குள் நுழைந்தன என்று அதே 2021 ஆய்வு கண்டது. அரைகுறைப் பூச்சு என்றால் பயனே இல்லை என்று படிக்க வேண்டாம்.

பிப்ரவரி 20

பிற செல்களைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். தட்டணுச் சவ்வு 2015இல் வந்தது. சிதைந்த இரத்தநாளச் சுவரில் வெளித்தெரியும் கொலாஜனில் அது ஒட்டும், சில பாக்டீரியாக்களிலும் ஒட்டும். தேவையான இடத்தில் ஒட்டுவது தட்டணுவின் இயல்பான வேலை என்பதால், இதில் எனக்கு ஐயம் குறைவு. வெள்ளையணுச் சவ்வு, வீங்கிய நாளச் சுவரைத் தேடிச் செல்லும். மூட்டழற்சியில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு வகையின் சவ்வை அழற்சிப் புரதங்களை உறிஞ்சப் பயன்படுத்தியது மீண்டும் பஞ்சுக் கதைதான், அதனால் அதுவும் எனக்குப் பிடித்தது.

புற்றுச் செல்லின் சவ்வைப் பூசினால் துகள் அதே வகைப் புற்றுச் செல்லை நாடிச் செல்லும் என்ற கருத்துதான் செய்தித்தாள்களில் அதிகம் வருகிறது. கண்ணாடித் தட்டில் அது உண்மை. உடலுக்குள், துகள் கட்டியை நாடுவதற்கு முன் கல்லீரலைத் தாண்ட வேண்டும். பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை அளவாக 0.7 விழுக்காடு. போகும் வழியிலேயே பெரும்பகுதி பிடிபட்டுவிடுமானால், சேருமிடத்தில் நன்றாக ஒட்டுகிறது என்பது எவ்வளவு ஆறுதல் தரும்? அதே சவ்வைப் புற்றுக்கான தடுப்பூசியில் பயன்படுத்தும் யோசனை மேலானது. அங்கே துகள் ஒளிய வேண்டியதில்லை, பிடிபடுவதே நோக்கம்.

பிப்ரவரி 27

எலியில் சரி, மனிதரில் என்ன தடை? எலியாய்வில் எலியின் குருதியையே எடுத்துப் பூசுகிறார்கள். மனிதரில் சவ்வோடு ஏ, பி குருதிவகை அடையாளங்களும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே ஓ வகை, அதிலும் ஆர்எச் எதிர்மறைக் குருதியே எல்லோருக்கும் பொருந்தும். தட்டணுவுக்கும் வெள்ளையணுவுக்கும் ஆளுக்கு ஆள் மாறுபடும் எச்எல்ஏ என்னும் அடையாளப் புரதங்கள் இருப்பதால் சிக்கல் இன்னும் கூடும். வெப்பத்தால் கிருமி நீக்க முடியாது, சவ்வுப் புரதம் கெட்டுவிடும், 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியே வழி, அதையும் கட்டிதட்டாத துகள் மட்டுமே கடக்கும். கொடையாளருக்குக் கொடையாளர் சவ்வு மாறுபடும். கையால் தள்ளும் கருவியை விட்டு, நுண்கால்வாயில் மின்துடிப்பால் சவ்வைத் திறந்து பூசும் முறைகள் வந்துவிட்டன. தொகுதிக்குத் தொகுதி ஒரே விளைவைத் தருவதில் எனக்கு அவற்றின் மீதுதான் நம்பிக்கை.

மார்ச் 5

ஆய்வைத் தொடங்கவிருக்கும் மாணவர் ஒருவர் எந்தச் சவ்வில் தொடங்குவது என்று கேட்கிறார். சிவப்பணுவில் தொடங்குங்கள். உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் இல்லாததால், வெளிச்சவ்வை உள்சவ்வுகளிலிருந்து பிரிக்கும் தொல்லை இல்லை. கருவுக்குச் சிலிக்கா எடுங்கள்; எதிர்மின் தன்மை உண்டு, வெற்றுக் குமிழ்களை மையவிலக்கில் கழற்றிவிடலாம், ஒளிரும் மூலக்கூறை ஒட்டுவதும் எளிது. மருந்து ஏற்றுவதையும் எலியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் டைதயோனைட் சோதனையைச் செய்து, சவ்வுக்கும் துகளுக்குமான விகிதத்தை மாற்றி மாற்றி, முழுதாக மூடியவை எத்தனை விழுக்காடு என்று ஒரு வரைபடம் போடுங்கள். டைதயோனைட் கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். காற்றுப்பட்டு வலுவிழந்த கரைசல் ஒளியை அணைக்காது, பூச்சு பிரமாதம் என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் சவ்வை ஓட்டையாக்கும் சோப்புக் கரைசலைச் சேர்த்து, ஒளி முழுதாக அணைகிறதா என்றும் பாருங்கள். வரைபடம் வந்ததும் இங்கே இடுங்கள்.